தாய் காட்டிய வழி, தான் அமைத்த பாதை

நம்மில் எத்தனை பேர் நாமே விரும்பிய துறையில் பயில்கிறோம்? மருத்துவம் கேட்டு வேறொரு துறை கிடைத்தவர்களும், அம்மா சொன்னார் என்பதற்காகவே கணக்கியல் படிப்பவர்களும் நம்மிடையே உண்டு. இக்கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் பவுலின் வியார்டோ. வசனத்தைக் காட்டிலும் பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் மேலை இசைநாடகமான ஓப்ராவில், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா கொண்டாடிய பாடகி அவர். ஆனால், பாடகியாவது அவருடைய கனவன்று.

பவுலின் 1821ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை மனுவேல் கார்சியா, ஸ்பெயினைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகர். அக்காள் மரியா மலிப்ரானோ ஐரோப்பிய மேடைகளின் ஒளிவிளக்கு. குடும்பமே பாடிக்கொண்டிருந்தபோது இச்சிறுமியின் மனமோ பியானோவில் லயித்தது. மாபெரும் பியானோ கலைஞர் லிஸ்ட்டிடம் அவர் பாடம் கேட்டார். தந்தை மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் அமர்ந்து பியானோ வாசித்தவரும் அவரே. அடுத்தவர் பாடத்தைக் கேட்டுக் கேட்டே பாட்டுக்கலையின் நுட்பங்கள் அவருக்குப் பிடிபட்டன.

1832இல் தந்தை மறைந்தார். 1836இல் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்ற அக்காள், சில வாரங்களில் தமது 28ஆம் வயதில் உயிர்நீத்தார். அக்காளின் இடத்தைத் தங்கை நிரப்ப வேண்டும் என்று தாய் முடிவெடுத்தார். பதினைந்து வயதுப் பெண்ணின் பியானோக் கனவு அத்துடன் முடிந்தது. அந்த முடிவு நியாயமானதா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நியாயம் என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

எனினும், பவுலின் முடங்கிவிடவில்லை. 1837இல் பிரசல்ஸ் நகரக் கச்சேரி மேடையில் பாடினார். 1839இல் லண்டனில் ரொசினியின் ‘ஒத்தெல்லோ’வில் நாயகியாகத் தோன்றினார். 1849இல் மேயர்பேர் இயற்றிய ‘லெ ப்ரொஃபெத்’ ஓப்ராவில் தாய் வேடம் ஏற்றபோது அவருக்கு வயது 27. 1859இல் பெர்லியோஸ் அவருடைய குரலுக்கேற்பத் திருத்தியமைத்த குளூக்கின் ‘ஓர்ஃபே’யில் ஆண் வேடமேற்று நூறு முறைக்கும் மேல் பாடினார்.

அவர் பியானோவையும் கைவிடவில்லை. ஷோபினோடு இசை பயின்று, அவருடைய மசூர்க்கா இசைத்துண்டுகள் சிலவற்றைப் பாடல்களாக்கினார். பியானோ கலைஞர் கிளாரா ஷூமனோடு வாழ்நாள் முழுவதும் நட்புப் பாராட்டினார். பறிபோன கனவு இரண்டாவது தொழிலுக்கு உரமாயிற்று என்றால் அது மிகையாகாது.

1863இல் பாரிஸ் மேடையிலிருந்து அவர் விலகினார். மிக உயர்ந்த சுருதி, மிகத் தாழ்ந்த சுருதி என எல்லா வேடங்களையும் இளமையிலேயே பாடியதால் குரல் களைத்திருந்தது. வயதோ 42ஐ எட்டவில்லை. அத்துடன் ஓய்ந்துவிடாமல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் குடியேறிப் பாட்டாசிரியை ஆனார். ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவ் கதை எழுத, இவர் இசையமைத்த சிறிய இசைநாடகங்களில் மாணவிகளும் அவருடைய பிள்ளைகளும் நடித்தனர். வகுப்பறையிலேயே மேடை அனுபவம் கிடைத்தது! 1871 முதல் 1875 வரை பாரிஸ் இசைக் கல்லூரியிலும் கற்பித்தார். தம்மைப் போல எல்லாவற்றையும் பாடிக் குரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மாணவிகளை எச்சரித்தார். தம் இழப்பையே பாடமாக்கித் தந்த அந்த நேர்மைதான், மேடையில் அவர் பெற்ற வெற்றிகளைவிட என்னைக் கவர்கிறது.

அவர் இசையமைத்த ‘சாந்த்ரியோன்’ 1904இல் அரங்கேறியபோது அவருக்கு வயது 82. அதனைப் பியானோ இசையோடு பாடும்படியே அமைத்திருந்தார். 1910ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பாரிசில் இயற்கை எய்தினார்.

மாணவ நண்பர்களே, முதல் தொழிலைத் தாய் முடிவு செய்தார். இரண்டாவதை அவரே முடிவு செய்தார். இரண்டுக்கும் சிறுவயதில் கற்ற பியானோவே கைகொடுத்தது. இன்று நாம் பயிலும் துறை நாம் கேட்டதாக இல்லாமல் இருக்கலாம். அதற்காக, முன்பு நேசித்துக் கற்றதை மறந்துவிட வேண்டியதில்லை. என்றாவது ஒருநாள் பாதையை மாற்ற நேர்ந்தால், நமக்குக் கைகொடுப்பது அதுவாகவே இருக்கலாம்.