சுபேதார் சுப்பிரமணியன்

பிறர் உயிரைக் காக்கும்பொருட்டுத் தம் உயிரை ஈந்தோரின் பெயர் எந்நாளும் மாயாது. ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாளும் வேலும் கிடைத்தன. அவற்றை ஏந்தியவர் பெயர் தெரிந்திலது. பெயர் தெரிந்தும் நாம் மறந்திருக்கும் ஒரு வீரரை இங்கே நினைவுகூர்தல் தகும்.

சுப்பிரமணியன் 1912-ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்தையடுத்த கீழ்ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1780-இல் தோன்றிய சென்னைச் சாப்பர்ஸ் படையிற் சேர்ந்து சுபேதார் பதவி எய்தினார். பாலம் அமைத்தல், பாதை செப்பனிடுதல், புதைத்த வெடிகளை அகற்றல் ஆகியன அப்படையின் தொழில். அதன் வீரர்களைத் தம்பி என்று அன்போடு அழைப்பது இராணுவ மரபு.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் இத்தாலி நாட்டிற் பணியாற்றினார். 1944-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காசினோ மலையைக் கைப்பற்றக் கடும்போர் நிகழ்ந்தது. அம்மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது மிக்னானோ. பின்வாங்கிய ஜெர்மானியர் வழியெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தனர். அவற்றுள் ஒரு வகை, மிதித்த சில நொடிகளில் இடுப்பளவு மேலெழுந்து வெடித்து, நாற்புறமும் எஃகுக் குண்டுகளைச் சிதறும். ஒருவர் மிதித்தால் சூழ நின்றோர் அனைவருக்கும் ஆபத்து.

பிப்ரவரி 24-ஆம் நாள், சுப்பிரமணியன் தம் சிறு குழுவோடு வெடிகளை அகற்றச் சென்றார். அப்போது ஒரு கண்ணி முடுக்கப்பட்டது. சிந்திக்கவும் பொழுதில்லை. ஓடித் தப்புவதைக் கருதாது, அவர் அக்கண்ணியின்மேல் தம் உடலைக் கவிழ்த்தார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடலே ஏற்றது. உடனிருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். 

அவர்க்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருது அவர் மறைந்தபின் வழங்கப்பெற்றது. 1940-இல் ஏற்படுத்தப்பட்ட அவ்விருதை நேரே பெற்ற முதல் இந்தியர் இவரே என்பர். இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையிலுள்ள நினைவிடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்த யுத்தம் நம் மக்களைக் கேட்டுத் தொடங்கிய யுத்தமன்று. அந்நியர் ஆட்சியின் கீழ் நிகழ்ந்தது. ஆயினும் அவர் செய்தது எவரையும் கொன்ற செயலன்று, தோழரைக் காத்த செயலே. ஆகவே யாருடைய கொடியின் கீழ் நின்றார் என்னும் வினா அவர் பெருமையைக் குறைக்காது.

அன்பர்களே! அவர் நம் குலத்தவரா என்று ஆராய்வது முறையன்று. வெடியின்மேல் விழுந்தபோது, காக்கப்படுவோர் எக்குலத்தவர் என்று அவர் வினவவில்லை. பொருநைக் கரையூர்களினின்றும் பர்மா, எகிப்து, இத்தாலி சென்று மீளாத முன்னோர் உங்கள் இல்லங்களிலும் இருத்தல் கூடும். அன்னார் பெயர், ஊர், சேர்ந்த படை, மறைந்த ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு இன்றே எழுதிவையுங்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. சொல்ல அறிந்த முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.