பப்பான் ஊர் மிஸ்ஸி: சிபில் கார்த்திகேசு வாய் திறக்காதது ஏன்?

2016 செப்டம்பர் 3-ஆம் தேதி மலேசியாவில் கூகிளைத் திறந்தவர்கள் ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். அன்று அவருக்கு 117-ஆவது பிறந்தநாள். ஈப்போ ஃபேர் பார்க் பக்கம் போனால் அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது. பெயர், சிபில் கார்த்திகேசு.

கார்த்திகேசு என்றதும் தமிழ்ப் பெண் என்று நினைத்தீர்களா? பாதிதான் சரி. அது கணவர் வழி வந்த பெயர்.

சிபில் 1899-இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். அப்பா ஜோசப் டேலி, ஐரிஷ் வழி யுரேசியர், தோட்டத்தொழில் செய்தவர். அம்மாவும் யுரேசியர், மருத்துவச்சி. பிறந்த ஊரையே நடுப்பெயராக வைத்து சிபில் மேடான் டேலி என்று கூப்பிட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பம். சிபிலும் தாதியாக, மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்றார். கேண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் காதலித்து மணந்தவர் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழ் வழி மருத்துவர். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்பது இயற்பெயர், பின்னாளில் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. மதம் வேறு என்பதால் வீட்டில் எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. பிறகு பேசித் தீர்த்தார்கள். 1919 ஜனவரி 7-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயிண்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம். கார்த்திகேசு என்பது முருகன் பெயர். அந்தப் பெயரைத் தாங்கியே ஒரு கத்தோலிக்கப் பெண் மலாயா வரலாற்றில் நிலைத்துவிட்டார். நம்ம ஊர்க் கதைகள் இப்படித்தான், எதுவும் ஒரே கோட்டில் போகாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் குழந்தை பிறந்தது. 1915-இல் கல்லிபோலிப் போரில் இறந்த அண்ணன் மைக்கேலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார் சிபில். 19 மணி நேரம்தான். குழந்தை இறந்துவிட்டது. அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அதன் பிறகு வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். 1921-இல் ஓல்கா பிறந்தார், பல ஆண்டுகள் கழித்து 1936-இல் டான். 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாதான் அது.

சப்பான்காரன் காலம்

உங்கள் தாத்தா பாட்டி, அல்லது அவர்களுடைய அப்பா அம்மா, இந்தச் சொல்லைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். மரவள்ளிக்கிழங்கு, சயாம் மரண ரயில், ராத்திரியில் கதவு தட்டும் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொல். 1941 டிசம்பரில் ஈப்போ மீது குண்டுகள் விழுந்தன. கார்த்திகேசு குடும்பம் பக்கத்திலுள்ள பப்பான் என்ற சிறிய ஈயச்சுரங்க ஊருக்குப் போனது. மலாயில் பப்பான் என்றால் பலகை. ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஊராக இருந்ததால் அந்தப் பெயர்.

பப்பான் மெயின் ஸ்ட்ரீட்டில் 74-ஆம் எண் கடைவீடு. அங்கே மறுபடியும் மருத்துவம். மருந்துத் தட்டுப்பாடு, அரிசித் தட்டுப்பாடு, காசு இல்லாத நோயாளிகள். பகலில் ஊர் மக்கள் வந்தார்கள். இருட்டிய பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், பின்வாசல் வழியாக.

அவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கெரில்லாக்கள். பெரும்பாலும் சீனர்கள், தலைமை கம்யூனிஸ்டுகளுடையது. குண்டுக் காயம், காய்ச்சல், சீழ் பிடித்த புண் என்று மலையிலிருந்து இறங்கி வருவார்கள். அவர்களுடைய மொழியில் பேசி விசாரிக்க சிபிலுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். மருத்துவமனைத் தாதியை மிஸ்ஸி என்று சொல்கிற பழக்கம் நம் பாட்டிமார்களிடமும் உண்டு, கேட்டுப் பாருங்கள். கடவுள் இல்லை என்று சொல்கிற இயக்கத்துக்காரர்களின் புண்ணை, சிலுவையை விடாத ஒரு பெண் கட்டிக்கொண்டிருந்தார். இது முரண்பாடு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. காயம்பட்டு வந்தவனைப் பார்ப்பதுதான் அவருடைய சமயம், அவருடைய தொழிலும் அதுதான்.

இன்னொரு குற்றமும் அந்த வீட்டில் நடந்தது: செய்தி கேட்டார்கள்! சிற்றலை வானொலி வைத்திருந்தால் தலையே போகலாம் என்ற காலம் அது. நீங்க இப்போ கைப்பேசியில் இதைப் படிக்கிறீங்களே, அதுமாதிரி ஒரு சாதாரண வேலைதான். சிபில் ஒளித்து வைத்த வானொலிக்கு ஜோசஃபின் என்று ரகசியப் பெயர். பிபிசி செய்தியைக் கேட்டு, போர் எப்படிப் போகிறது என்று நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். மலையில் இருப்பவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஜப்பான் எங்கும் ஜெயிக்கிறது என்ற பிரச்சாரத்துக்கு நடுவில் அந்தத் தகவல் மருந்துக்குச் சமம்.

1943

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். 1943-இல் முதலில் கணவர் கைதானார், பிறகு சிபில். வில்லியமும் தப்பவில்லை. ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெத்தாயின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஈப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

சிபிலை விசாரித்தவர் யோஷிமுரா என்ற சார்ஜென்ட். அடி, உதை. வயிறு உப்பும் வரை தண்ணீர் ஊற்றி அதன் மேல் மிதிப்பது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு. நகக்கண்களில் சித்திரவதை. இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் யார் வந்தார்கள், பெயரைச் சொல்.

பெயர்கள் சிபிலுக்குத் தெரியும். சிக்கலே அதுதான். ஒரு பெயர் வெளியே வந்தால் ஒரு ஆள் மட்டும் போக மாட்டார். அவருடைய குடும்பம், சோறு போட்ட வீடு, வழி காட்டியவர், சில நேரம் ஊரே போகும்.

அவர் கத்தோலிக்க ஜெபங்களைச் சிறுவயதிலிருந்து சொல்லி வளர்ந்தவர். சிறை அறையில் அவரிடம் மிச்சமிருந்தது அது மட்டும்தான். பின்னால் எழுதிய நினைவுகளில், எங்கிருந்து பலம் வந்தது என்பதற்கு ஜெபத்தைத்தான் காட்டுகிறார். விசுவாசம் இருந்ததால் வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வலித்தது. உடல் உடைந்தது. கடைசியில் நடக்கவே முடியாமல் போனது. ஜெபம் அடியைத் தடுக்கவில்லை. வாயை மூடி வைத்திருக்கும் தெம்பை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இடமாக அது இருந்தது. நேற்று தாங்கியது இன்றைக்குக் கணக்கில் வராது, இன்றைக்கு மறுபடியும் கேட்க வேண்டும்.

பிறகு அந்த நாள். யோஷிமுரா சின்ன மகள் டானைக் கொண்டுவந்தார். டானுக்கு அப்போது ஏழு வயதுதான் இருக்கும். ஒரு மரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். அம்மா எதிரே கட்டப்பட்டிருந்தார். பெயரைச் சொன்னால் பிள்ளை கீழே இறங்கும்.

சொல்ல வேண்டாம் என்று அந்தக் குழந்தையே அம்மாவைப் பார்த்துக் கத்தியதாக சிபில் எழுதியிருக்கிறார்.

ஒரு குழந்தையை ஏற்கெனவே 19 மணி நேரத்தில் இழந்த தாய் இவர். அந்த நிமிடத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்று நாம் அளக்க முடியாது. நான் இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, சிபில் மேலேயே. பிள்ளையைக் காப்பாற்றாமல் என்ன வைராக்கியம் என்று. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் தப்பில்லை. ஆனால் மறுபக்கமும் பிள்ளைகள் இருந்தார்கள், மலையடிவாரத்து வீடுகளில், பெயர் தெரியாதவர்கள். சிபில் சொல்லவில்லை. அங்கே வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி தடுத்ததால் டான் உயிரோடு இறக்கப்பட்டார். அப்படி ஒருவர் வருவார் என்று சிபிலுக்குத் தெரியாது. இந்தக் கதையை அற்புதமாக மட்டும் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிறையிலிருந்து வெளியே வந்தபோது சிபிலால் எழுந்து நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டன் அனுப்பப்பட்டார். போர்க்குற்ற விசாரணையில் யோஷிமுராவுக்கு மரண தண்டனை கிடைத்தது.

பிரிட்டனில் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி தன் கதையைப் பதிவு செய்தார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் துணிச்சலுக்கான ஜார்ஜ் பதக்கத்தை வழங்கினார். அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சிகிச்சை முழுசாகப் பலிக்கவில்லை. முன்பு ஜப்பானிய பூட்ஸ் உதைத்த தாடைக் காயத்திலிருந்து இரத்தத்தில் நச்சு பரவியது. 1948 ஜூன் 12-ஆம் தேதி இறந்தார். 48 வயது. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிபில் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய கெரில்லாக்களில் பலர் இப்போது அரசாங்கத்தின் எதிரிகள். பிரிட்டிஷ் மன்னரிடம் பதக்கம் வாங்கியவர், கம்யூனிஸ்ட் படைக்கு மருந்து கொடுத்தவர், யுரேசியர், தமிழ்ப் பெயர்காரர். எந்தப் பெட்டியில் வைப்பது? நீண்ட காலம் அவரைப் பற்றி அதிகம் பேசப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அவருடைய நினைவுகள் 1954-இல் நூலாக வந்தன: ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’. தலைப்பு ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலிருந்து எடுத்தது, துளி இரக்கமும் இல்லாத என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் படிக்க முடிகிற உங்களுக்கு அது கடினமான நடை இல்லை. ராத்திரி தூங்கப் போகும் முன் மட்டும் படிக்காதீங்க.

1949-இல் அவருடைய உடலை ஈப்போவுக்கே கொண்டுவந்தார்கள். ஜாலான் சுங்கை பாரியில், அன்றைக்குக் காந்தான் சாலை, கத்தோலிக்க இடுகாட்டில் மறுபடி அடக்கம் நடந்தது. பக்கத்தில் இருக்கும் தேவாலயத்தின் பெயர் செயிண்ட் மைக்கேல்.