சிற்றிலில் கண்ட சங்கும் சக்கரமும்

பாண்டி நாட்டுத் திருவில்லிபுத்தூரில் ஆனித் திங்கள் சுவாதித் திருநாளில் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். வடபெருங்கோயிலுடையானுக்கு நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மாலை தொடுத்துச் சாத்துவதே தம் பிறவிப் பயன் எனக் கொண்டவர். வல்லபதேவ பாண்டியனின் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, கருடவாகனனாய்க் காட்சி தந்த எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடியமையால் பெரியாழ்வார் எனத் திருநாமம் பெற்றார். இவர் வாழ்ந்த காலம் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர் ஆராய்ச்சியாளர்.

ஆழ்வார் பதின்மருள் தாய்மையின் சுவையை நிரம்பக் கண்டவர் இவரே. தம்மை யசோதையாகவே பாவித்துக்கொண்டு, கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டினார், அம்புலியை அழைத்தார், சப்பாணி கொட்டச் சொன்னார், தளர்நடை கண்டு மகிழ்ந்தார், அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் பிள்ளையைக் கண்டு அஞ்சியும் நின்றார். பின்னாளில் தழைத்த பிள்ளைத்தமிழுக்கு இவருடைய திருமொழியே வித்தாயிற்று.

அத்தகையவருக்கு ஆடிப் பூர நன்னாளில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் மகவு கிடைத்தது. கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார். யசோதையாய்ப் பாவனை செய்த தந்தையின் மடியிலே, ஆயர் சிறுமியாய்ப் பாவனை செய்யும் மகள் வளர்ந்தாள்.

பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் ஒரு தாய் தன் சிறுமியின் விளையாட்டைக் கண்டு வியக்கிறாள். உடலெங்கும் புழுதி; பேச்சோ இன்னும் தெளியவில்லை; கையிலிருக்கும் சிறு சொப்பையும் விடாத பருவம். அக்குழந்தை மணலில் சிற்றில் இழைக்கும்போது சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய எம்பெருமானின் படைகளையன்றி வேறெதையும் இழைப்பதில்லை. குழந்தை எதை விளையாடுகிறதோ, அதுவே அதன் நெஞ்சில் குடிகொண்டிருப்பது என்பதைத் தாயுள்ளம் அறிந்துகொள்கிறது.

ஆயினும், தம் இல்லத்து விளையாட்டை ஆழ்வார் உடனே உணர்ந்துகொள்ளவில்லை. எம்பெருமானுக்குத் தொடுத்து வைத்த மாலையைக் கோதை தான் சூடி, அவனுக்குத் தான் ஒப்பாவளோ எனக் கிணற்று நீரில் அழகு பார்த்து, மீண்டும் பூங்கூடையில் வைத்துவந்தாள். ஒருநாள் அதனைக் கண்ணுற்ற தந்தை நெஞ்சம் பதறினார், மகளைக் கடிந்தார், அன்று அம்மாலையைச் சாத்தாமலே விடுத்தார். அவ்விரவில் எம்பெருமான் கனவில் தோன்றி, கோதை சூடிய மாலையே தன் திருவுள்ளத்துக்கு உவப்பானது என்று உணர்த்தியருளினான். தாம் யசோதையாய் நின்றது மெய்யன்பாயின், மகள் மணமகளாய் நின்றதும் மெய்யன்பே என்று தந்தை தெளிந்தது அன்றுதான்.

அப்பாவனை நாளடைவில் முதிர்ந்தது. வில்லிபுத்தூரே ஆயர்பாடியாய், திருக்கோயிலே நந்தகோபன் மாளிகையாய், தோழியரே ஆய்ச்சியராய், தானும் அவருள் ஒருத்தியாய்த் திருப்பாவை முப்பதும் பாடினாள். பெரியோர் இதனை அநுகாரம் என்பர். நாச்சியார் திருமொழியில் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமெனக் கண்ணனிடம் மன்றாடினாள். அவனைக் கைப்பிடிப்பதாய்க் கனவும் கண்டாள்.

இறுதியில் அரங்கன் ஆணைப்படி, ஆழ்வார் தம் ஒரே மகளை மணக்கோலத்துடன் திருவரங்கம் அழைத்துச் சென்றார். அவள் திருமேனி அரங்கனோடு கலந்தது. சிறு விளையாட்டாய்த் தொடங்கியது திருமணமாய் நிறைவுற்றது. தந்தையோ தனியராய் வில்லிபுத்தூர் மீண்டார். மகளைப் பிரிந்து வெறிச்சோடிய இல்லத்தை நோக்கி ஏங்கும் தாயின் குரலையும் அவர் திருமொழியில் கேட்கிறோம். பெற்ற பேற்றின் பெருமையும் பிரிந்த துயரும் ஒரே நெஞ்சில் உறைந்தன.

சூடிக்கொடுத்த நாச்சியாரின் மாலை இன்றும் புரட்டாசிப் பிரம்மோத்ஸவத்தில் திருவேங்கடமுடையானுக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் செல்கிறது. ஒருநாள் தந்தை குற்றமெனக் கடிந்த குழந்தை விளையாட்டே திவ்யதேசங்கள் போற்றும் மரபாயிற்று. நம் இல்லத்துச் சிறார் மணலில் எதை இழைக்கின்றனர் என்று கடிவதற்கு முன் சற்றே நின்று நோக்குதல் நம் கடன்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம். ஆண்டாள் திருவடிகளே சரணம்.