கதவில் அடித்த தகடு

நள்ளிரவு தாண்டிவிட்டது. ஊர் உறங்குகிறது. கதவு தட்டப்படுகிறது. கையில் விளக்கோடு நிற்பவர் போலீஸ்காரர் அல்ல; திருடனைத் தேடி வந்தவரும் அல்ல. நகரசபையின் சுகாதார இன்ஸ்பெக்டர். உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று தலையை எண்ண வந்திருக்கிறார்!

கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும் பிரிட்டனுக்குச் செல்வம் குவித்துக் கொடுத்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, உழைப்பாளி குடியிருந்த இலட்சணம் இது. 1862-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. சிறு வீடுகளை அளந்தார்கள். கன அடி இவ்வளவு, தங்கத்தக்கவர் இத்தனை பேர் என்று பொறித்த தகட்டைக் கதவில் அடித்தார்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள் கணக்கு. இரவிலே சோதனை, ஆள் கூடுதலாக இருந்தால் வழக்கு. அரவம் கேட்டதும் அலமாரிக்குள் பதுங்கியவர்களும், கூரைமீது ஏறிக் குளிரில் நடுங்கியவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் அந்தத் தகடுகள் கதவுகளில் இருந்தன.

வழக்கு யார்மீது? அந்தப் பொந்தை வாடகைக்கு விட்டவன்மீதா? இல்லை, தோழர்களே! குடியிருந்தவன்மீது. வாடகை கட்ட வழியில்லாமல்தானே அவன் இன்னொருவனை ஒண்ட வைத்துக்கொண்டான்? ஒண்டியவனை விரட்டினால் அவன் எங்கே போவான்? அடுத்த தெருவிலே தகடு அடித்த இன்னொரு கதவுக்குள் நுழைவான். இன்ஸ்பெக்டர் நல்லவராகவே இருக்கட்டும். ஆயிரம் இரவு விளக்கேந்தி அலைந்தாலும் நகரிலே ஓர் அறையாவது கூடுமா?

கூடாது என்று கண்டவர் ஜான் வீட்லி. 1869-இல் அயர்லாந்தின் வாட்டர்போர்டு வட்டாரத்திலே பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே ஸ்காட்லாந்து வந்தவர். தந்தை சுரங்கக் கூலி. குடும்பம் முழுவதும் ஒரே அறையில். அவரும் சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். பிறகு பத்திரிகை வேலை. பிறகு சொந்த அச்சகம். வசதி வந்தது. வசதி வந்ததும் வந்த வழியை மறப்போர் உண்டு, இவர் மறக்கவில்லை. 1906-இல் கத்தோலிக்க சோஷலிஸ்ட் சங்கம் கண்டார். மதவாதிகள் சீறினர். 1912-இல் அவர் வீட்டு வாசலிலேயே அவருடைய கொடும்பாவி கொளுத்தப்பட்டது. அதே ஆண்டு கிளாஸ்கோ நகரசபையிலே அவர் உறுப்பினராக அமர்ந்தார்!

அங்கே அவர் வைத்த திட்டம் 1913-இல் சிறு புத்தகமாகவும் வந்தது. அதன் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். வீடு கட்டச் செங்கல் வேண்டும், மரம் வேண்டும், கொத்தனார் வேண்டும். இவற்றின் செலவு எல்லாம் ஒருமுறைதான். ஆனால் கடன் கொடுத்தவனுக்கு வட்டி ஆண்டுதோறும், தலைமுறை தலைமுறையாக! தொழிலாளி கொடுக்கும் வாடகையில் பெரும் பங்கு அந்த வட்டிக்கே போகிறது என்று காட்டினார் வீட்லி. கிளாஸ்கோவின் டிராம் வண்டிகள் நகரசபைக்கே சொந்தம். அதில் உபரி வருமானம் உண்டு. அந்தப் பணத்தை வட்டியில்லாமல் கொடுத்து வீடு கட்டினால், ஆண்டுக்கு 8 பவுன் வாடகையில் தொழிலாளிக்குத் தனி வீடு தரலாம் என்றார். நகரசபையின் பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை. டிராமில் ஏறிக் காசு கொடுத்தவன் தொழிலாளி. அந்தக் காசிலே அவனுக்கு ஒரு கூரை என்றால் மட்டும் கசந்தது!

1914-இல் போர் மூண்டது. ஆயுத வேலைக்காக ஆயிரக்கணக்கானோர் நகருக்குள் வந்து குவிந்தனர். வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையை ஏற்றினர். கோவன் பகுதியிலே மேரி பார்பர் என்ற தாய்மார் தலைவி பெண்களைத் திரட்டி, ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தார். ஷெட்டில்ஸ்டனில் வீட்லி தோள் கொடுத்தார். 1915 நவம்பர் 17 அன்று வாடகை பாக்கிக்காக 18 தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, கப்பல் பட்டறைத் தொழிலாளரும் பெண்களும் அணி அணியாக வந்து வாசலை நிறைத்தனர். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்திய அளவிலே நிறுத்தும் சட்டம் வந்தது.

1922-இல் வீட்லி பார்லிமெண்டு சென்றார். 1924 ஜனவரியில் அமைந்த முதல் தொழிற்கட்சி ஆட்சியிலே, வீட்டு வசதிப் பொறுப்பும் சேர்ந்த சுகாதார அமைச்சரானார். மாளிகைவாசியல்ல, ஒற்றை அறையில் வளர்ந்த சுரங்கத் தொழிலாளி! ஆட்சிக்குப் பெரும்பான்மை இல்லை, ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அந்தச் சில மாதங்களில் அவர் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். முதலில் கட்டடத் தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் அழைத்துப் பேசி, 15 ஆண்டுகளுக்கு வேலை உண்டென உறுதி சொல்லி, புதிய ஆட்களைப் பயிற்சிக்குச் சேர்க்கச் சம்மதம் பெற்றார். பிறகு, வாடகைக்கு விடக் கட்டும் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுன், 40 ஆண்டுகளுக்கு அரசு மானியம் என்று சட்டம் செய்தார்.

குறையும் உண்டு, மறைப்பானேன்? அந்த வீடுகளுக்கும் வாடகை இருந்தது. நிலையான கூலி உள்ளவனுக்கு அது எட்டியது, அன்றாடங்காய்ச்சிக்கு எட்டவில்லை. கிளாஸ்கோவின் ஒற்றை அறைகள் பின்னும் நெடுநாள் நிரம்பியே இருந்தன.

1929-இல் தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது வீட்லிக்கு அமைச்சரவையில் இடமில்லை. 1930 மே 12 அன்று ஷெட்டில்ஸ்டனில் காலமானார். மூன்றாண்டு கழித்து மானியத்தை நிறுத்தினார்கள். அதற்குள் அவர் சட்டத்தின்கீழ் எழுந்துவிட்ட வீடுகள் 5 இலட்சத்துக்கு மேல். அவற்றின் கதவுகளில் தகடு இல்லை.