கண் தெரியாதவர் கண்டுபிடித்த ராணித் தேனீ ரகசியம்... யார் இந்த ஃபிரான்சுவா ஹூபர்?

மரத்தில் கொத்தாகத் தொங்கிய தேனீக் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் விட்டாச்சு. அடுத்து என்ன? சின்னாளப்பட்டி தோட்டமோ, சிறுமலை அடிவாரமோ, முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருப்பது முட்டை போடும் ராணியா? கூட்டம் பெருகுமா, அழியுமா என்பது அதைப் பொறுத்ததுதான்.

இதற்கான விடையை 230 வருஷத்துக்கு முன்பே சோதித்துக் காட்டியவர் ஃபிரான்சுவா ஹூபர். ஆச்சரியம் என்னன்னா, அவருக்குப் பார்வை கிடையாது.

காத்திருந்த காதலி

1750 ஜூலை 2-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில், வசதியான குடும்பத்தில் பிறந்தார் ஹூபர். சுமார் 15 வயதில் பார்வை மங்கத் தொடங்கி, பிறகு முழுசாகப் போய்விட்டது. கண் தெரியாதவருக்கு மகளைத் தர மாட்டேன் என்று மறுத்தார் காதலி மரியாவின் அப்பா. தானே முடிவெடுக்கும் சட்டப்பூர்வ வயது வரும்வரை காத்திருந்து ஹூபரையே கைப்பிடித்தார் மரியா.

கண்ணாக இருந்த பர்னன்ஸ்

புத்தகம் வாசித்துக் காட்ட வீட்டில் ஒரு வேலையாள் இருந்தார். பெயர் ஃபிரான்சுவா பர்னன்ஸ். ஹூபர் கேள்வி கேட்பார், பர்னன்ஸ் கூட்டைப் பார்த்துச் சொல்வார். சந்தேகம் வந்தால் மறுபடியும் பார்க்கணும். ராணி இல்லாத கூட்டில் முட்டை போடுவது யார் என்று அறிய, இரண்டு கூட்டில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார் பர்னன்ஸ். 11 நாள் ஆனது! கண்டுபிடிப்பில் பாதிப் பெருமை இவருக்குத்தான் சேரணும்.

உள்ளே பார்க்க வசதியாக, புத்தகம் போலப் பிரிக்கும் சட்டங்கள் கொண்ட கூட்டையும் ஹூபர் உருவாக்கினார். அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் பின்னாளில் கழற்றி மாட்டும் சட்டப் பெட்டியை வடிவமைக்க, இதுவும் ஒரு தூண்டுதல்.

ராணி எங்கே இணைகிறது?

ஆண் தேனீயின் வாசனையிலேயே ராணி கருத்தரிக்கும் என்று நம்பிய காலம் அது. இளம் ராணியைக் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார் ஹூபர். கருத்தரிக்கவில்லை. வெளியே பறக்க விட்டார். இணைந்ததற்கான அடையாளத்தோடு திரும்பியது. ஸ்லோவேனியாவின் ஆன்டன் யான்ஷாவும் இதைச் சொல்லியிருந்தார் என்றாலும், சோதனை மேல் சோதனை செய்து உறுதிப்படுத்தியவர் ஹூபர்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சுமார் 3 வாரம் தாண்டியும் இணையாத ராணி, அப்புறம் ஆண் தேனீ முட்டை மட்டுமே போடும். வேலைக்காரத் தேனீ பிறக்காது என்றால் கூட்டம் காலி.

புதுக் கூட்டத்தை மதிப்பிடுவதும் இப்படித்தான். முதலில் பிரியும் கூட்டத்தோடு பழைய ராணி வரும். அடை கட்டிய சில நாளிலேயே முட்டை தெரியும். அடுத்தடுத்துப் பிரியும் கூட்டத்தில் இருப்பது இணையாத இளம் ராணி. அது பறந்து போய் வர அவகாசம் தரணும். வாசலில் ராணித் தடுப்பை மாட்டி அடைத்தால் ஹூபரின் சோதனையை நாமே செய்த மாதிரி ஆகிடும்!

ஓர் அறையின் அடியில் ஒரே முட்டை இருந்தால் நல்ல அறிகுறி. வேலைக்காரத் தேனீ அறைகளின் மூடி வரிசையாகப் புடைத்திருந்தால் உள்ளே ஆண் புழுக்கள், அதாவது ராணியில் கோளாறு. ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்து, ராணியையும் காணோம் என்றால் வேலைக்காரத் தேனீக்களே முட்டை போடுகின்றன என்று சந்தேகிக்கலாம்.

சர்க்கரையும் மெழுகும்

1792-ல் ஹூபரின் நூல் வெளியானது. பர்னன்ஸ் விலகிய பிறகு மரியாவும், பின்னாளில் எறும்பு ஆய்வில் பேர் வாங்கிய மகன் பியரும் துணை நின்றார்கள். 1814-ல் விரிவான பதிப்பு வந்தது. 1831 டிசம்பர் 22-ல், 81 வயதில் லோசானில் ஹூபர் காலமானார்.

மெழுகு பூவிலிருந்து வருவதில்லை, தேனும் சர்க்கரையும் சாப்பிட்டுத் தேனீயே உடம்பில் சுரக்கிறது என்று நிரூபித்ததும் அவர்தான். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பயிற்சி கொடுத்த பாதிரியார் நியூட்டன் பெயரிலான சின்னப் பெட்டியில், புதுக் கூட்டத்துக்கு இன்றைக்கும் சர்க்கரைப் பாகு வைப்பது சீக்கிரம் அடை கட்டட்டும் என்றுதான்.