துப்பாக்கிக்குப் பயந்த கொள்ளைக்காரன்!

குட்டை உருவம். அகன்ற வாய். தடித்த உதடு. இப்படிப்பட்டவர் சினிமா நட்சத்திரம் ஆக முடியுமா?

ஆனார், எட்வர்டு ஜி. ராபின்சன்!

1893-ம் ஆண்டு, ருமேனியா நாட்டில் புக்காரெஸ்ட் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. நியூயார்க்கில் படித்தார், நாடகங்களில் நடித்தார்.

1931-ல் "லிட்டில் சீசர்" படம் வெளிவந்தது. ராபின்சனுக்குக் கொள்ளைக் கூட்டத் தலைவன் வேடம். வாயில் சுருட்டு, கையில் துப்பாக்கி!

லட்சக்கணக்கானோர் வேலை இழந்து தவித்த காலம் அது. ஒன்றும் இல்லாத ஒருவன் உச்சிக்கு ஏறுவதைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். அவன் கெட்டவன்தான். கடைசியில் குண்டு பட்டுச் சாகிறான். ஆனாலும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அழகான கதாநாயகர்களிடம் இல்லாத ஏதோ ஒரு வேகம் அதில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ராபின்சனுக்குத் துப்பாக்கிச் சத்தம் என்றாலே நடுக்கம்! சுடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். இமைகளில் மெல்லிய டேப் ஒட்டித்தான் படம் எடுத்தார்கள்.

வீட்டில் அவர் பரம சாது. பல மொழிகள் பேசுவார். சம்பாதித்ததை எல்லாம் ஓவியங்களில் போட்டார். வான்கோ, செசான் போன்ற மேதைகளின் படங்கள் அவர் வீட்டுச் சுவரில் தொங்கின.

முதல் மனைவியுடன் விவாகரத்து ஆயிற்று. சொத்தைப் பங்கு போட, 1957-ல் அந்த ஓவியங்களை விற்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளைப் போல் வளர்த்த செல்வம்! பிறகு மறுபடியும் ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார்.

சுமார் 100 படங்களில் நடித்தும், ஆஸ்கார் போட்டிக்கு அவர் பெயர் ஒரு முறைகூடச் சொல்லப்படவில்லை. 1973-ல் கௌரவ ஆஸ்கார் விருது கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஜனவரி 26-ந் தேதி அவர் புற்றுநோயால் இறந்தார். விழா மார்ச்சில் நடந்தது. விருதை அவருடைய இரண்டாவது மனைவி பெற்றுக்கொண்டார்.