ஊரைக் காத்தவரை ஊரே விரட்டியது!



கிரேக்க-பாரசீகப் போர்கள் பற்றிப் படிக்கும்போது மாராத்தான், சலாமிஸ் என்று ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் பண்ணிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். அந்தப் போர்களுக்கு நடுவில் ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் தெமிஸ்டாக்ளிஸ். அவர் கதையைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் மனசே சரியில்லை. ஏன் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

இளமை

தெமிஸ்டாக்ளிஸ் கி.மு. 524 வாக்கில் பிறந்தார். ஊர் ஏதென்ஸ். அப்பா பெயர் நியோக்ளிஸ். பெரிய பிரபு குடும்பம் எல்லாம் கிடையாது. அம்மா வெளியூர்க்காரர் என்று சொல்வார்கள். அதனால் உயர்குடிப் பிள்ளைகள் நடுவில் இவருக்கு மதிப்பு கொஞ்சம் குறைவுதான். மற்ற பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் இவர் மட்டும் தனியாக உட்கார்ந்து மேடைப் பேச்சு தயார் பண்ணிக்கொண்டு இருப்பாராம்.

தூக்கம் வராத இரவுகள்

அந்தக் காலத்தில் பாரசீகப் பேரரசு உலகத்திலேயே பெரியது. கிரேக்கமோ சின்னச் சின்ன நகர அரசுகள். அவையும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டுக்கொண்டு இருந்தன. கி.மு. 490-இல் பாரசீக மன்னர் டேரியஸ் அனுப்பிய படை மாராத்தான் கரையில் இறங்கியது. ஏதென்ஸ் வீரர்கள் எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். ஊரே கொண்டாடியது. அந்த வெற்றிக்குத் தலைமை தாங்கிய மில்டியாடிஸின் புகழை நினைத்து நினைத்து தெமிஸ்டாக்ளிஸுக்கு ராத்திரி தூக்கமே வரவில்லையாம். போர் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். இது ஆரம்பம்தான் என்று இவர் நினைத்தார்.

வெள்ளியா, கப்பலா?

கி.மு. 483 வாக்கில் லாரியம் என்ற இடத்துச் சுரங்கத்தில் நிறைய வெள்ளி கிடைத்தது. ஆளுக்கு 10 டிராக்மா பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. கைக்கு வருகிற காசை யாராவது வேண்டாம் என்பார்களா? ஆனால் தெமிஸ்டாக்ளிஸ் சபையில் எழுந்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டலாம் என்றார். பாரசீகம் திரும்ப வரும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அப்போது தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தீவான ஏஜினாவைக் காரணம் காட்டினார். மக்களும் ஒத்துக்கொண்டார்கள். ஏதென்ஸிடம் சுமார் 200 கப்பல்கள் சேர்ந்தன.

ஒரு கப்பலில் மூன்று வரிசையாக 170 பேர் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். கவசம் வாங்கக் காசில்லாத ஏழைகள்தான் அந்த வேலைக்கு வந்தவர்களில் அதிகம். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

ஊரையே காலி செய்தார்கள்

கி.மு. 480-இல் டேரியஸின் மகன் செர்க்சஸ் பெரும் படையோடு வந்தார். தெர்மோபைலே கணவாயில் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸும் அவருடைய 300 பேரும், கூடவே தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேரும் கடைசிவரை நின்று உயிரை விட்டார்கள். அதற்குப் பிறகு ஏதென்ஸுக்கு வழி திறந்துவிட்டது.

அதற்கு முன்பே ஏதென்ஸ்காரர்கள் டெல்ஃபி கோயிலில் குறி கேட்டிருந்தார்கள். மரச்சுவர்தான் காப்பாற்றும் என்று குறி வந்தது. வேலி போட்டு உள்ளேயே இருக்கலாம் என்றார்கள் சிலர். மரச்சுவர் என்றால் கப்பல்தான் என்று விளக்கம் சொன்னார் தெமிஸ்டாக்ளிஸ். பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள் எல்லாரும் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்கரைக்குப் போனார்கள். பாரசீகர்கள் வந்து ஊருக்கும் கோயில்களுக்கும் தீ வைத்தார்கள்.

சலாமிஸ்

கிரேக்கக் கப்பல்கள் சலாமிஸ் தீவின் பக்கம் குறுகலான கடலில் நின்றன. மற்ற ஊர்த் தளபதிகள் தங்கள் ஊரைப் பார்த்துக் கிளம்பப் பார்த்தார்கள். கிளம்பினால் எல்லாம் போச்சு! தெமிஸ்டாக்ளிஸ் ஒரு தந்திரம் செய்தார். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சிக்கினஸ் என்ற அடிமையை ரகசியமாகப் பாரசீகர்களிடம் அனுப்பி, கிரேக்கர்கள் ஓடப்போகிறார்கள், உடனே மடக்குங்கள் என்று சொல்ல வைத்தார். செர்க்சஸ் நம்பிவிட்டார். பாரசீகக் கப்பல்கள் ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டு வழியை அடைத்தன. இப்போது கிரேக்கர்களுக்கு ஓட வழியில்லை, சண்டை போட்டே ஆக வேண்டும்!

விடிந்ததும் பாரசீகக் கப்பல்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. இடம் பத்தவில்லை, திரும்ப முடியவில்லை, ஒன்றோடு ஒன்று மோதின. கிரேக்கக் கப்பல்களின் வெண்கல முனை அவற்றை இடித்து உடைத்தது. மலை மேலே உட்கார்ந்து செர்க்சஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு படையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு, கி.மு. 479-இல், பிளாட்டியாவில் மீதிப் படையும் தோற்றது.

ஓட்டாஞ்சில்லு ஓட்டு

இத்தனை செய்தவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஏதென்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆபத்தானவர் என்று மக்களுக்குத் தோன்றினால், உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். நாம் பாண்டி விளையாடுகிற ஓட்டாஞ்சில்லு மாதிரிதான்! மாட்டியவர் 10 வருஷம் ஊரைவிட்டுப் போக வேண்டும். கி.மு. 471 வாக்கில் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் வந்தது.

அவர் மேலேயும் தப்பு உண்டு. தற்பெருமை அதிகம், பணத்தாசையும் உண்டு என்று சொல்வார்கள். அவருடைய போட்டியாளர் அரிஸ்டைடிஸும் முன்பு இதே ஓட்டாஞ்சில்லால் தான் வெளியே போனார். ஆனால் அந்தப் பக்கத்திலும் சூது இருந்தது. ஏதென்ஸில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது தெமிஸ்டாக்ளிஸ் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரு சிலரே எழுதியிருக்கிறார்கள் என்று கையெழுத்து காட்டிக் கொடுத்துவிட்டது. முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகம் பண்ணத்தானே!

பிறகு துரோகி என்றும் குற்றம் சாட்டினார்கள். ஊர் ஊராக ஓடினார். கடைசியில் அடைக்கலம் கொடுத்தது யார்? செர்க்சஸின் மகன், பாரசீக மன்னர் அர்த்தசெர்க்சஸ்! ஒரு வருஷத்தில் பாரசீக மொழி கற்றுக்கொண்டு மன்னர் முன்னால் பேசினார். மக்னீசியா என்ற ஊரை ஆளக் கொடுத்தார்கள். கி.மு. 459 வாக்கில் அங்கேயே காலமானார். நோயில் இறந்தார் என்று வரலாற்று ஆசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார்.

யாரை எதிர்த்து ஊரைக் காப்பாற்றினாரோ அவர்கள் போட்ட சோற்றில் கடைசிக் காலம். இதுதான் எனக்கு மனசு சரியில்லாமல் போன காரணம்.

எதற்காக நினைக்க வேண்டும்?

துடுப்புப் போட்ட ஏழைகளை மறக்காதீர்கள் என்றேனே! ஊரைக் காத்தவர்கள் நாங்களும்தான் என்ற தைரியத்தில் அதற்குப் பிறகு சபையில் அவர்கள் குரல் பெரிதானது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் மட்டும் அப்போதும் ஓட்டு இல்லை. ஆனாலும் சலாமிஸில் தோற்றிருந்தால் மக்களாட்சி என்ற அந்தச் சின்ன நாற்று அன்றைக்கே கருகியிருக்கும்.

அதே மக்கள்தான் அவரையும் விரட்டினார்கள். நாமும் 18 வயதில் ஓட்டுப் போடப் போகிறோம். யாரோ எழுதிக் கையில் கொடுத்த ஓட்டை அப்படியே போடாமல், நாமே யோசித்துப் போடுவோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி